எஸ்பெராண்டோ: ‘ன்’ இருக்கட்டும், ‘ய்’ போகட்டும்

உலகத்தார் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியை மூன்று மாதமாக தினமும் அரைமணி நேரம் படிக்கிறேன். காசு செலவில்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

விதிவிலக்கே இல்லாத மொழி என்று சொல்வார்களே, வினையைப் பொறுத்தவரை அது நிஜம்தான். நான் போகிறேன், அவள் போகிறாள், அவர்கள் போகிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ‘இராஸ்’. ஒரே வாரத்தில் வாக்கியம் அமைக்க வந்துவிடும்.

பலர் திட்டுவது செயப்படுபொருளில் ஒட்டும் ‘ன்’ஐ. அமிகோ என்றால் நண்பன், அமிகோன் என்றால் நண்பனை. நமக்கு இது வேறொன்றுமில்லை, அதே ‘ஐ’தான். ‘புலி கொல் யானை’யில் செத்தது எது என்று இலக்கண வகுப்பில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். நல்ல நண்பர்கள் என்பதற்கு ‘போனாய் அமிகோய்’ என்று பெயரடைக்கும் பன்மை ‘ய்’ போட வேண்டும், அதாவது ‘நல்லகள் நண்பர்கள்’! எதற்கு?

இந்தச் சண்டை பழசு. எஸ்பெராண்டோவை உருவாக்கிய ஸாமென்ஹோஃப் 1887-இல் வார்சாவில் மொழியை வெளியிட்டதிலிருந்தே ஆளுக்கொரு திருத்தம் கேட்டார்கள். 1894-இல் ‘லா எஸ்பெராண்டிஸ்டோ’ இதழில் அவரே ஒரு பட்டியல் போட்டார்: தொப்பி வைத்த எழுத்துகள் (ĉ, ŝ மாதிரி) வேண்டாம், ஆங்கில ‘the’ மாதிரி வரும் ‘லா’ வேண்டாம், ‘ன்’ வேண்டாம், என் ‘நல்லகள்’ளும் வேண்டாம். சந்தாதாரர்கள் வாக்களித்தார்கள். 157 பேர் எதையும் தொடாதே என்றார்கள், 107 பேர் ஏதாவது மாற்று என்றார்கள். நான் அங்கே இருந்திருந்தால் அந்த 107-இல் சேர்ந்து, ‘ன்’ஐ மட்டும் விடுங்கப்பா என்று கெஞ்சியிருப்பேன். ஆனால் அந்த 157 பேரின் பயமும் புரிகிறது. அதற்கு முந்தைய செயற்கை மொழியான வோலாப்யூக்கில், 1889 பாரிஸ் மாநாட்டுக்குப் பிறகு, திருத்தம் கேட்டவர்களுக்கும் கடைசி முடிவு என்னுடையதுதான் என்ற, அதை உருவாக்கிய ஷ்லேயருக்கும் முட்டிக்கொண்டு இயக்கமே சிதறியது, அதை அவர்கள் கண்ணெதிரே பார்த்தவர்கள்.

அப்புறம் 1907-இல் அந்தத் திருத்தங்களில் பலவற்றோடு ஈடோ என்ற மொழி தனியாகவே பிரிந்தது. அதையும் ஒரு வாரம் படித்துப் பார்த்தேன். ‘போனா அமிகி’, அவ்வளவுதான். தொப்பி எழுத்து இல்லை, ‘ன்’ கூட செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வரும்போது மட்டும். எனக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. ஆனால் பேச ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. சரி, மறுபடி நல்லகள் நண்பர்களிடமே வந்துவிட்டேன்.