கொக்கு ஆட்டம் எடுக்க 150-600 ஜூம்: சில சீசன்கள் கழித்து

பறவைப் படம் எடுக்க லென்ஸ் வாங்கப் போனால், எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவையும் வாங்கிவிடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது சரி. கொக்கும் நாரையும் இணை தேடி ஆடுவதை எடுக்க, சட்டென்று குறைத்துக்கொள்ளக்கூடிய லென்ஸ்தான் உதவும். அதனால்தான் நீளத்தை மாற்ற முடியாத 600 மி.மீ. பிரைம் லென்ஸ் வாங்கும் ஆசையை விட்டுவிட்டு, 150 முதல் 600 மி.மீ. வரை மாற்றிக்கொள்ளக்கூடிய இந்த ஜூமிலேயே நிற்கிறேன்.

பெரிய வெள்ளைக் கொக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருக்கும்போது 600-இல் சட்டகம் அழகாக நிறையும். ஆட்டம் தொடங்கியதும் அலகு வானத்தைப் பார்க்க, கழுத்து முழுதாக மேலே எழும். முதுகின் மெல்லிய இறகுகள் விசிறி போல விரியும். அப்புறம் கழுத்து அப்படியே கீழே இறங்கும். எல்லாம் சில நொடிதான். 600-இல் வைத்திருந்தால் அலகும் போச்சு, இறகு நுனியும் போச்சு. வேடந்தாங்கல் கரையிலிருந்து 400 பக்கம் வைத்துக் காத்திருப்பேன், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டோர மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும். அங்கே 200, 300-க்கு மேல் பெரும்பாலும் போகவே வேண்டாம்.

லென்ஸைவிடச் சரியான சமயத்தில் போவது முக்கியம். பெரிய வெள்ளைக் கொக்கின் மஞ்சள் அலகு இணை தேடும் பருவத்தில் கறுத்து, கண்ணோரத் தோல் பச்சையாகும். சின்ன வெள்ளைக் கொக்குக்கு அதே இடம் சிவக்கும். இராக்கொக்கு எனப்படும் வக்காவின் கால் இளஞ்சிவப்பாகும். வயலில் மண்ணோடு மண்ணாக நிற்கும் குளத்துக் கொக்கான மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பாகிவிடும், வேறு பறவையோ என்று தோன்றும். இந்த நிறங்கள் உச்சத்தில் இருப்பது கொஞ்ச நாள்தான். முட்டையிட்டபின் மங்கத் தொடங்கும். காலண்டரை நம்ப வேண்டாம். வடகிழக்கு மழையில் ஏரி நிறைந்ததா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் கூடும் இல்லை, ஆட்டமும் இல்லை.

வெள்ளை இறகுதான் பெரிய தலைவலி. பின்னால் அடர்ந்த இலை இருந்தால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். வெளிச்சத்தை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாக) குறைத்தே எடுக்கிறேன். அந்த ஒவ்வொரு இழையும் தெரிய வேண்டும். ஒரு காலத்தில் மேல்நாட்டுச் சீமாட்டிகளின் தொப்பிக்காகக் கொக்குகளைக் கொன்று குவித்தார்களே, அது இந்த இறகுக்காகத்தான். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதியை 1902-இல் தடை செய்தார்கள்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். 600-இல் லென்ஸின் துவாரம் எஃப் 6.3 வரைதான் திறக்கும், உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. கழுத்து உறைந்து நிற்க ஷட்டர் 1/1600 நொடி வேண்டும், அதிகாலையில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 தாண்டாமல் தீராது. குச்சிகள் குறுக்கே வந்தால் ஃபோகஸ் அவற்றைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறது. பறவையின் கண் மேல் ஒற்றை ஃபோகஸ் புள்ளி வைப்பதுதான் வழி. கண்ணைத் தானாகத் தேடும் புது கேமராக்கள்கூட இறகு முகத்தை மறைக்கும்போது திணறுகின்றன. கீழ்நோக்கிப் பிடித்தால் குழல் தானாக நீள்கிறது. பிடி ரப்பர் தளர்ந்துவிட்டது. ஆனால் வெயில் ஏறியபின் படம் மங்கலாக வருவதற்கு லென்ஸைத் திட்டாதீர்கள். அது தண்ணீர் மேல் நெளியும் சூட்டுக்காற்று, பல லட்ச ரூபாய் லென்ஸிலும் அதே கதிதான்.

எடை இரண்டு கிலோ. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கரையில் டிரைபாடை விரிக்க இடம் கிடைக்காது, ஒற்றைக்கால் மோனோபாட் போதும். கூந்தன்குளத்தில் மரத்தடியில் நின்றால் எச்சம் விழும். லென்ஸ் முனையில் ஹூட் என்ற மறைப்பு எப்போதும் மாட்டியிருக்கட்டும், விழுந்ததைச் சுரண்டாமல் ஈரத்துணியால் ஊறவைத்துத் துடையுங்கள்.

இந்த வகை ஜூம் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சீசன் முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுவேன். பழையது வாங்குகிறவர்கள் கடையிலேயே செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.