ஜாங்கோவா லாராவெலா? ஒரு குலைக் கணக்கை வைத்துப் பார்த்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் இணையச் செயலி கட்டக் கற்றுக்கொள்பவரிடம் முதலில் வந்து சேரும் வேலை பெரும்பாலும் ஏதாவது ஒரு பதிவேடுதான்: கோயில் உபயப் பட்டியல், டியூஷன் கட்டணம், செம்பனைக் குலை வாங்கும் இடத்தின் எடைக் கணக்கு. இங்கே குலைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சிறுதோட்டக்காரர் லாரியில் குலை கொண்டுவருகிறார். எடை கிலோவில், விலை டன்னுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்), பணம் ரொக்கமாகக் கையில். மூன்றே அட்டவணைகள். ஆனால் கற்றுக்கொள்பவர் தடுக்கி விழக்கூடிய குழிகள் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன.

இதைக் கட்ட ஜாங்கோ, லாராவெல் என்ற இரண்டு இணையச் சட்டகங்களில் (செயலிக்கு வேண்டிய பொது உறுப்புகளை ஆயத்தமாகத் தரும் தொகுப்புகள்) என் சாய்வு ஜாங்கோ பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர் கழித்துக்கொள்ளலாம்.

பொதுவான விஷயங்களில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஜாங்கோ 2005இல் வெளியானது, பைத்தானில் எழுதப்பட்டது. லாராவெல் 2011இல் வந்தது, பிஎச்பியில். இணைய முகவரி வழிகள், வார்ப்புருக்கள், உள்நுழைவு, தரவுத்தள மைகிரேஷன் (அட்டவணை அமைப்பை மாற்றும் படி) எல்லாம் இரண்டிலும் நன்றாகவே இருக்கின்றன. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவருக்கு ஜாங்கோ இலகு. அதன் பொதி ஏறக்குறைய 8 எம்பிதான், கூட வருபவை இரண்டு மூன்று சிறு பொதிகள். லாராவெலில் கம்போசர் (பிஎச்பியின் பொதி இறக்கும் கருவி) இழுத்து வருவது அதைவிட நிறைய, முகப்புக்கு நோடும் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் கருவி) வேண்டுமென்றால் இன்னும் கூடும். நோடில் ஓடும் எக்ஸ்பிரஸ் சட்டகத்தைத் தொடங்கும் இடமாக நான் சொல்லமாட்டேன். தரவுத்தளத்துக்கு எது, சோதனைக்கு எது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்குவதிலேயே முதல் மாதம் போய்விடும்.

பதிவேட்டு வேலைக்கு ஜாங்கோவின் அட்மின் பக்கம் பெரிய கொடை. மூன்று மாடல்களையும் (அட்டவணைகளைக் குறிக்கும் பைத்தான் வகுப்புகள்) பதிவு செய்தால் கிராணி உட்கார்ந்து எடை போடும் திரை தயார். லாராவெலில் இதற்கு ஃபிலமென்ட் போன்ற தனிப் பொதியைச் சேர்க்க வேண்டும்.

ஆனால் பெயர் விஷயத்தில் லாராவெல்தான் நம் ஊருக்குப் பொருந்துகிறது. அதன் பயனர் அட்டவணையில் பெயருக்கு ஒரே பத்தி. ஜாங்கோவோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகக் கேட்கும். ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) போட்டுத் தகப்பன் பெயரை எழுதும் நமக்குக் குடும்பப்பெயர் ஏது? ஜாங்கோவை எடுப்பவர் முதல் மைகிரேஷனுக்கு முன்பே சொந்தப் பயனர் மாடலை அமைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மாற்றுவது பெரிய தலைவலி. அந்தச் சாய்கோடும் சும்மா இருக்காது. பெயரை அப்படியே முகவரியில் வைத்தால் பாதை இரண்டாக உடைந்து பக்கம் கிடைக்காமல் போகும், அதனால் எண்ணை வையுங்கள்.

இனி, எனக்குத் தீர்ப்பான விஷயம்: சோதனை (செயலி சரியாக வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்கும் நிரல்) ஓடும்போது உங்கள் உண்மையான தரவு என்ன ஆகிறது?

ஜாங்கோவில் மேனேஜ் டாட் பை டெஸ்ட் என்ற கட்டளையை ஓட்டினால் அது உங்கள் தரவுத்தளத்தைத் தொடுவதில்லை. ஒரே கோப்பில் தரவை வைக்கும் எஸ்கியூலைட் என்றால் நினைவகத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டும். தனிச் சர்வராக ஓடும் போஸ்ட்கிரெஸ் என்றால் பெயருக்கு முன் ‘டெஸ்ட்’ சேர்த்து வேறொன்றை உருவாக்கி, முடிந்ததும் அழிக்கும். டெஸ்ட்கேஸ் வகுப்பில் ஒவ்வொரு சோதனையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் (மொத்தமாக ஏற்கவோ ரத்து செய்யவோ கூடிய தொகுதி) ஓடி, முடிவில் பின்வாங்கப்படும். ஒரு சோதனையில் சேர்த்த சிறுதோட்டக்காரர் அடுத்ததில் இருக்கமாட்டார். இதற்கு நீங்கள் ஒரு வரி அமைப்பும் எழுத வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸில் மட்டும் பயனருக்குத் தரவுத்தளம் உருவாக்கும் அனுமதி இல்லையென்றால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று நிற்கும். அனுமதி கொடுத்தால் தீர்ந்தது.

லாராவெலில் இதே பாதுகாப்பு உண்டு, ஆனால் அது அமைப்புக் கோப்பை நம்பி நிற்கிறது. பிஎச்பியூனிட் (பிஎச்பியின் சோதனைக் கருவி) எக்ஸ்எம்எல் கோப்பில் எஸ்கியூலைட்டையும் நினைவகத்தையும் குறிக்கும் இரண்டு வரிகள் இருக்கும். பல பதிப்புகளில் அவை முடக்கப்பட்ட நிலையிலேயே வந்தன. அவற்றைத் திறக்காமல் ரிஃப்ரெஷ்டேட்டாபேஸ் (சோதனைக்குத் தரவுத்தளத்தைப் புதிதாக்கும் வசதி) சேர்த்த சோதனையை ஓட்டினால், மேம்பாட்டுத் தரவுத்தளத்தின் எல்லா அட்டவணைகளும் அழிக்கப்பட்டு வெறுமையாக மறுபடி கட்டப்படும். பச்சை எழுத்தில் ‘பாஸ்’ என்றும் வரும்! வரிகள் திறந்திருந்தாலும், முன்பு எப்போதோ கான்ஃபிக் கேஷ் (அமைப்புகளைச் சேமித்துவைக்கும் கட்டளை) ஓட்டியிருந்தால் அந்த வரிகள் கணக்கில் எடுக்கப்படாது. சோதனைக்கு முன் கான்ஃபிக் கிளியர் கொடுக்க வேண்டும். அனுபவசாலிக்கு இது ஒரு நிமிட வேலை. கற்றுக்கொள்பவரோ ஒருமுறை தரவை இழந்தால் சோதனை பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். பட்டணத்தில் பக்கத்து மேசையில் கேட்க ஆளும் இல்லை.

சரி, என்ன சோதிப்பது? காசிலிருந்து தொடங்குங்கள். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத் தொகையை 5 சென்னுக்குச் சரிக்கட்டுகிறோம். 1, 2 சென் கீழே போகும். 3, 4 சென் 5 ஆகும். 6, 7 சென்னும் 5 ஆகும். 8, 9 சென் அடுத்த பத்துக்கு ஏறும். இப்போது 415 கிலோ குலை, டன்னுக்கு 895 வெள்ளி என்று வையுங்கள். பெருக்கினால் 371.425 வெள்ளி. பைத்தானின் டெசிமல் வகை, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், பாதியை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும்: 371.42, கையில் 371.40. சந்தைக் கணக்குப்படி பாதி மேலேதான் போக வேண்டும்: 371.43, கையில் 371.45. ஐந்து சென்தான், ஆனால் மாதம் முழுக்கப் புத்தகமும் பெட்டியும் ஒத்துப்போகாது. ரவுண்ட் ஹாஃப் அப் என்று வெளிப்படையாகக் கொடுத்து, இந்த 415ஐயும் 895ஐயும் அப்படியே ஒரு சோதனையாக எழுதிவையுங்கள். இந்த இடத்தில் பிஎச்பி நல்ல பிள்ளை, அதன் ரவுண்ட் பாதியை மேலேதான் தள்ளும். ஆனால் அங்கே கணக்கு மிதவைப் புள்ளிக்குள் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகை) எளிதில் நழுவும் என்பதால் தொகையை முழு எண்ணாகச் சென்னில் வைப்பது நல்லது.

அடுத்தது நேரம். குலை லாரி காலை 7 மணிக்கே வந்துவிடும். ஜாங்கோவில் டைம்சோன் நவ் என்பதிலிருந்து நேராகத் தேதியை எடுத்தால் அது யுடிசி (உலகப் பொது நேர) தேதி. ஜூலை 1 காலை 7 மணி அங்கே ஜூன் 30 இரவு 11 மணி. காலை எட்டுக்கு முன் வந்த குலையெல்லாம் நேற்றைய கணக்கில் விழும், மாதத் தொடக்கமென்றால் போன மாதத்தில். அமைப்பில் ஏசியா/கோலாலம்பூர் போட்டுவிட்டு லோக்கல்டேட்டைப் பயன்படுத்துங்கள். இதைச் சோதிக்க லாராவெலில் டிராவல் டூ என்ற ஒரே அழைப்பு போதும், கடிகாரம் நகர்ந்துவிடும். ஜாங்கோவில் அது கூடவே வருவதில்லை. மாக் (போலி மாற்று) கொண்டு நேரத்தை மாற்ற வேண்டும் அல்லது ஃப்ரீஸ்கன் நிறுவ வேண்டும்.

லாராவெல் முந்தும் இடங்கள் இன்னும் உண்டு. மாதிரித் தரவு உருவாக்கும் ஃபேக்டரி உள்ளேயே இருக்கிறது. எடைச் சீட்டின் படத்தைப் பதிவேற்றும் சோதனைக்கு ஸ்டோரேஜ் ஃபேக் (போலிச் சேமிப்பிடம்) உண்டு. ஜாங்கோ தரவுத்தளத்தைத்தான் பிரிக்கிறது, கோப்புகளை அல்ல. மீடியா ரூட்டை (பதிவேற்றிய கோப்புகள் சேரும் அடைவு) தற்காலிக அடைவுக்கு மாற்றாவிட்டால் சோதனைப் படங்கள் உண்மையானவற்றோடு கலந்து கிடக்கும். பெஸ்ட் (Pest) என்ற பிஎச்பி சோதனைக் கருவி கொண்டு எழுதும் பாணியைப் பலர் புகழ்கிறார்கள். நான் அதைச் சிறு பயிற்சிகளில் மட்டுமே தொட்டதால் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

இரண்டிலும் ஒரே மாதிரி ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. சோதனையின்போது சிஎஸ்ஆர்எஃப் சரிபார்ப்பு (படிவம் நம் தளத்திலிருந்தே வந்ததா என்று டோக்கன் வைத்துப் பார்ப்பது) நடக்காது. படிவத்தில் அந்த டோக்கனை மறந்திருந்தாலும் சோதனை தேறும். உலாவியில்தான் ஜாங்கோ 403, லாராவெல் 419 காட்டும். எஸ்கியூலைட்டில் சோதித்துப் போஸ்ட்கிரெஸில் ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று: எஸ்கியூலைட் எழுத்து நீள வரம்பைக் கண்டுகொள்ளாது. 30 எழுத்து என்று வைத்த பத்தியில் நீளமான பெயர் ஒன்று சோதனையில் அமைதியாக நுழைந்து, நேரலையில் பிழையாக வெடிக்கும்.

பராமரிப்பிலும் எனக்கு ஜாங்கோவே வசதி. 2025 ஏப்ரலில் வந்த 5.2 நீண்டகாலப் பதிப்பு. 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. லாராவெல் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டுகள்தான் பாதுகாப்புத் திருத்தம். தனியாளாகப் பார்த்துக்கொள்பவருக்கு அந்தக் கூடுதல் ஓராண்டு பெரிது.

ஒரு நிலைமையில் மட்டும் என் சாய்வைப் புறந்தள்ளுங்கள். செயலியைக் கேட்பவர் ஏற்கெனவே சிபேனல் (தள மேலாண்மைப் பலகை) கொண்ட மலிவான பகிர்வு ஹோஸ்டிங் இடத்துக்குப் பணம் கட்டியிருந்தால் லாராவெலை எடுங்கள். ஜாங்கோவுக்கு அங்கே இடம் கிடைப்பது நிச்சயமில்லை. கிடைக்காவிட்டால் தனிச் சர்வர் வாடகை, கூனிகார்ன், எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள்கள் என்று வேலை நீளும். எடுத்தபின் முதல் வேலையாகப் பிஎச்பியூனிட் எக்ஸ்எம்எல்லைத் திறந்து அந்த இரண்டு வரிகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஆர்டிசன் டெஸ்ட்டை (லாராவெலின் சோதனைக் கட்டளை) ஓட்டுங்கள்.