கேன்வாஸ் டிராப் ஷேடோ: நீண்டநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பிரவுசரில் படங்களுக்கு நிழல் (டிராப் ஷேடோ) போட, வலைப்பக்கத்தில் நிரல் எழுதி வரையும் பரப்பான கேன்வாஸே போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நிழலின் தரத்தில் குறையே இல்லை. பின்னணி நீக்கிய ஒரு செடியின் பிஎன்ஜி படத்தைக் கொடுத்துப் பாருங்கள். அடியில் கறுப்புக் கட்டம் விழாது. ஒவ்வோர் இலையின் ஓரத்தையும் ஒட்டியே நிழல் விழும். படத்தின் ஆல்ஃபாவை, அதாவது எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிபுகும் என்ற தகவலை எடுத்து, காசியன் பிளர் கொடுத்து (ஓரங்களை மென்மையாக மங்கலாக்கி), நிறம் ஏற்றி, நகர்த்தி வைக்கிறது. இலை மெலிந்து ஒளி ஊடுருவும் இடத்தில் நிழலும் மங்கலாகவே இருக்கும்.

எரிச்சல் ஒன்றுதான், ஆனால் ஓயாத எரிச்சல். ஸ்கேல் (பெரிதாக்கும் மடங்கு) கொடுத்தால் படம் பெரிதாகும், நிழல் ஆகாது. ஆஃப்செட்டும் (நிழல் தள்ளி விழும் தூரம்) பிளரும் டிரான்ஸ்ஃபார்முக்கு, அதாவது பெரிதாக்குவது, சுழற்றுவது போன்ற மாற்றங்களுக்குக் கட்டுப்படாது என்பது அதன் விதி. டிவைஸ் பிக்சல் ரேஷியோ 2 உள்ள திரைக்காக (ஒரு பிக்சல் அகலத்துக்கு இரண்டு நிஜப் புள்ளிகள் உள்ள திரை) கேன்வாஸை இரட்டிப்பாக்கி ஸ்கேல் 2 வைத்தால், 8 பிக்சல் தள்ளி விழ வேண்டிய நிழல் கண்ணுக்கு 4 பிக்சல்தான் தள்ளித் தெரியும். அச்சுக்காக 4 மடங்கில் எக்ஸ்போர்ட் செய்தால் கால்வாசி. ஓரத்தில் அழுக்குக் கோடு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். எழுத்தின் அளவும் கோட்டின் தடிமனும் ஸ்கேலோடு வளரும்போது நிழலுக்கு மட்டும் ஏன் தனி வழி? எங்கே வரைந்தாலும் கிடைமட்ட ஆஃப்செட், செங்குத்து ஆஃப்செட், பிளர் என மூன்று எண்களையும் நாமே பெருக்கித் தர வேண்டியிருக்கிறது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். படத்தைச் சுழற்றும்போது இதே விதிதான் கைகொடுக்கிறது. 90 டிகிரி திருப்பினாலும் நிழல் வலது கீழேதான் விழும். படங்களைக் கோணல்மாணலாகப் பரப்பிய கொலாஜில் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருவது அவ்வளவு அழகு. சுழற்சிக்கு ஒரு விதி, ஸ்கேலுக்கு ஒரு விதி என்று பிரித்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அப்புறம் வேகம். பெரிய பிளரை ஃபிரேமுக்கு ஃபிரேம் வரைந்தால் திணறும். நிழலோடு ஒருமுறை தனிக் கேன்வாஸில் வரைந்து வைத்து, அதையே எடுத்து ஒட்டுங்கள்.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அவருக்குத் திரையில் காட்டினால் போதும். அதற்கு வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், ஃபில்டரின் டிராப் ஷேடோ இருக்கிறது. அதுவும் ஆல்ஃபாவைப் பார்த்தே நிழல் போடும், படத்தோடு சேர்ந்து வளரும். பிளர் எண்ணை மட்டும் பாதியாக்கிக் கொடுக்க வேண்டும்: கேன்வாஸில் அந்த எண்ணின் பாதிதான் சிக்மா (மங்கல் எவ்வளவு பரவும் என்ற அளவு), இதில் எண்ணே சிக்மா.