கேலக்ஸியின் டிரம் பிரேக்: இன்றைக்கு எந்தப் பக்கம்?

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "1964 ஃபோர்டு கேலக்ஸி, பழைய ரேஸ் வண்டி, விலை நன்றாக இறங்கியிருக்கிறது. நாலு சக்கரத்திலும் டிரம். உங்களிடம் இருப்பதும் அதுதானே, வாங்கலாமா?" வாட்ஸ்அப்பில் பதில் போடத் தொடங்கி, அது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். 427 கன அங்குல எஞ்சினைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரேக் மட்டும் பேசுவோம்.

முன்னால் 11 அங்குல விட்டம், 3 அங்குல அகல டிரம். பின்னால் அதே விட்டம், அரை அங்குலம் அகலம் குறைவு. இதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 1,800 கிலோ இரும்பை நிறுத்த வேண்டும். நிற்கிறது. அதில் எனக்குப் புகாரே இல்லை. என் புகார் எல்லாம் ஒன்றுதான்: இழுக்கிறது. காலையில் வலப்பக்கம், மதியம் இடப்பக்கம், பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுத்த மறுநாள் மறுபடி வலப்பக்கம். வர்ஜீனியா இன்டர்நேஷனல் ரேஸ்வேயில் பின்பக்க நேர்பாதை முடிகிற இடத்தில், ஓக் ட்ரீ வளைவிலிருந்து முழு வேகத்தில் வந்து பெடலை மிதிக்கும்போது, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் பிடித்து வைக்க வேண்டும் என்பது மிதித்த பிறகுதான் தெரியும்.

ஏன் என்று தேடிப்போனால் வருகிற பதில் எரிச்சலை இன்னும் கூட்டுகிறது. இந்த பிரேக்கின் பெருமை எதுவோ, கோளாறும் அதுவேதான். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புக் கிண்ணம்; அதன் உள்ளே, லைனிங் என்கிற உராய்வுப் பட்டை ஒட்டிய இரண்டு வளைந்த ஷூக்கள். டிரம் சுற்றும்போது முன் ஷூவைத் தன்னோடு சேர்த்து இழுக்கிறது. அந்த ஷூ, கீழே இருக்கிற அட்ஜஸ்டர் வழியாகப் பின் ஷூவைத் தள்ளுகிறது. பின் ஷூ மேலே இருக்கிற முளையில் முட்டிக்கொண்டு டிரம்மை இறுக்குகிறது. ஆக, நாம் மிதிக்கிற பலத்தை டிரம்மே பெருக்கிக் கொடுக்கிறது. பூஸ்டர் இல்லாமலே காலுக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் பலத்தைப் பெருக்குகிற அதே ஏற்பாடு வித்தியாசத்தையும் பெருக்கும். ஒரு பக்க லைனிங்கில் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் கிரீஸ், அல்லது வெறும் சூட்டு வித்தியாசம் இருந்தால் போதும், வண்டி அந்தப் பக்கமோ எதிர்ப்பக்கமோ கிளம்பிவிடும். டிஸ்க்கில் இப்படிப் பெருக்கல் கிடையாது. அதனால்தான் அது சொன்ன பேச்சைக் கேட்கிறது.

ஓவல் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே எல்லா வளைவும் இடப்பக்கம்தான். இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தால் உதவி என்றே நினைப்பார்கள். என் வண்டி பெரும்பாலும் வலப்பக்கம் இழுக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இந்த சீசனில் நடந்தது இது. டிரம்களின் உள்பக்கத்தை லேத்தில் கடைய ஒரு பட்டறையில் கொடுத்தேன். 11 அங்குல டிரம்மை 60 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு), அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் வரைதான் கடையலாம் என்பது பொதுவான கணக்கு. இடது முன் டிரம்மில் கீறல் அதிகம் என்று அதை ஆழமாகக் கடைந்தார்கள். வலதை லேசாகத் தொட்டதோடு விட்டுவிட்டார்கள். ஷூக்களை மட்டும் எல்லாவற்றையும் விட்டம் பெரிதாகிவிட்ட இடது டிரம்மின் வளைவுக்கே தேய்த்துக் கொடுத்தார்கள். சின்ன டிரம்முக்குள் பெரிய வளைவு ஷூ போனால் நடுப்பகுதி படாது, இரண்டு முனையும்தான் படும். மிதித்ததும் லபக்கென்று கவ்வும். வலது டிரம்மையும் அதே அளவுக்குக் கடைந்த பிறகுதான் அடங்கியது. நான் இருப்பது வட கரோலினாவில், சார்லட் பக்கம். இந்த வண்டிகளைக் கட்டின 'ஹோல்மன்-மூடி' நிறுவனம் இருந்த ஊரிலேயே இந்தக் கதி. ஆஸ்பெஸ்டாஸ் தூசு பயத்தில் ஷூ தேய்க்கிற மெஷினையே பலர் மூட்டைகட்டிவிட்டார்கள். இருக்கிறவர்களிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். உலோகம் கலந்த லைனிங் குளிர்ந்திருக்கும்போது மரக்கட்டை. முதல் சுற்றில் அதை நம்பக் கூடாது. சூடு ஏறினதும் ஆளே மாறிவிடும். அப்போது பெடலில் வருகிற உணர்வு, எத்தனையோ டிஸ்க் வண்டிகளில் எனக்குக் கிடைக்காதது. இன்னும் சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும். அதற்கும் வழி இருக்கிறது: நேர்பாதையிலேயே இடது காலால் இரண்டு தட்டு தட்டிவிட்டால் வளைவுக்கு முன்னால் பெடல் மேலே வந்துவிடும். பழகினால் காலே செய்துவிடும்.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள்: ஷூ அட்ஜஸ்ட் செய்வது எனக்குப் பிடித்த வேலை. டிரம்முக்குப் பின்னால் இருக்கிற பேக்கிங் பிளேட் தகட்டின் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டு, அட்ஜஸ்டரின் பல் சக்கரமான ஸ்டார் வீலைத் திருப்ப வேண்டும், சக்கரம் கையால் சுற்ற முடியாமல் இறுகும் வரை. ஒருமுறை பெடலை ஓங்கி மிதித்து ஷூக்களை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி இறுக்கி, அப்புறம் ஒவ்வொரு பல்லாகத் தளர்த்த வேண்டும். லைனிங் டிரம்மில் மெல்ல உரசுகிற சத்தம் சுற்று முழுக்க ஒரே மாதிரி கேட்டால் டிரம் வட்டமாக இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் கேட்டால் டிரம் கோணிவிட்டது. ஓடி வந்த சூட்டோடு யாரோ பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

பெடலின் அழுத்தத்தை பிரேக் குழாய்களுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரை மட்டும் இரட்டைச் சுற்றுக்கு மாற்றிவிட்டேன். 1964இல் ஒற்றைச் சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போச்சு. இதில் பழமைப் பற்றுக்கு இடமில்லை.

"அந்தக் காலத்தில் இதை வைத்துத்தானே ஜெயித்தார்கள்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ரேஸ் ஓட்டுநர் டான் கர்னி கலிபோர்னியாவின் ரிவர்சைடு டிராக்கில் 1963 முதல் 1966 வரை தொடர்ந்து 4 வருடம், 500 மைல் ரேஸை டிரம் போட்ட ஃபோர்டிலேயே ஜெயித்தார். அதுவும் ஒரு மைல் நேர்பாதைக்கு அப்புறம் பிரேக் போட வேண்டிய டிராக்கில். ஆனால் அதே ரிவர்சைடில் 1973 ஜனவரியில் மார்க் டொனாஹ்யூ நாலு சக்கரத்திலும் டிஸ்க் போட்ட பென்ஸ்கே அணியின் AMC மேட்டடர் காரில் வந்து ஜெயித்துவிட்டுப் போனார். அப்புறம் டிரம்முக்காக வாதாட யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஆகவே, வாங்காதீர்கள். நான் விற்கப்போவதில்லை, அது வேறு விஷயம். மீறி வாங்குவதென்றால் எஞ்சின் சத்தத்தில் மயங்குவதற்கு முன்னால் நாலு டிரம்மையும் கழற்றச் சொல்லி உள்விட்டத்தை அளந்து பாருங்கள். முன் இரண்டும் ஒரே அளவு இல்லையென்றால், விலையில் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.