செலவுக்கு வரம்பா, கணக்குக்கு வெளிச்சமா?

அரசுச் செலவைக் கட்டுக்குள் வைக்க இரண்டு வழி சொல்வார்கள். இதற்கு மேல் கூடாது என்று சட்டமே போடுவது ஒன்று. செலவழி, ஆனால் பைசா பாக்கியில்லாமல் கணக்கைக் காட்டு என்பது இன்னொன்று.

வரம்பின் பலம் எளிமை. ஒரே எண், மீறினால் தெரிந்துவிடும். ஆனால் உண்மையிலேயே தெரிந்துவிடுமா? யூரோ நாடுகளின் பற்றாக்குறை (வரவை மீறிய செலவு) வரம்பு மொத்த உற்பத்தியில் 3 சதவீதம். கிரீஸும் அதற்கு உட்பட்டதுதான். 2009ஆம் ஆண்டுக் கணக்கைத் திருத்திப் பார்த்தபோது 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது! அரசுக் கடனுக்கு வரம்பு உள்ள ஜெர்மனியில் வேறு வித்தை: கொரோனாவுக்கென்று வாங்கிய கடன் அனுமதியில் 6,000 கோடி யூரோவைப் பருவநிலை நிதிக்குத் தள்ளினார்கள். 2023 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது.

கணக்கைக் காட்டினால் என்ன ஆகும்? உகாண்டாவில் 1991-95இல் பள்ளி மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம், அனுப்பிய தொகையைச் செய்தித்தாளில் போட ஆரம்பித்தார்கள். 2001க்குள் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது. மொத்தச் செலவு குறைந்ததா என்றால், அது வெளிப்படைத்தன்மையின் வேலையே இல்லை.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் கணக்கைத்தான் கேட்பேன். வரம்பு மீறப்பட்டதா என்று பார்க்கவே அது வேண்டுமே. முந்நூறு பக்க பிடிஎஃப்பாக இல்லாமல், தேடிப் பார்க்கிற மாதிரி போட்டால் சரி.