கொலுசுப் படத்துக்கு ஜன்னலா, ரிங் லைட்டா, பேனலா?

சேலத்தில் செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பலர் இப்போது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பித்தான் ஆர்டர் பிடிக்கிறார்கள். அதற்கென்று கடைக்குப் போனால் முதலில் கையில் கொடுப்பது ரிங் லைட், அதாவது நடுவில் போனை வைக்கும் வளைய விளக்கு. வெள்ளிக்கு அவ்வளவு பொருந்தாத விளக்கு வேறில்லை.

மெருகேற்றிய வெள்ளி எதிரில் இருப்பதை அப்படியே காட்டும். ரிங் லைட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு முத்திலும் ஒரு குட்டி வளையம், நடுவில் கறுப்பாக உங்கள் போன். அறையின் இருட்டும் வெள்ளியில் ஏறிக்கொள்வதால் புதுக் கொலுசு கறுத்த கொலுசாகத் தெரியும். முகத்துக்கு அந்த விளக்கு சரி. கண்ணில் வளையம் மின்னினால் அழகுதான்.

ஜன்னலுக்குச் செலவே இல்லை. வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாக இருந்தால் மினுக்கமும் புள்ளி புள்ளியாகச் சிதறாமல் பரவி விழும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் பக்கமும் தெளியும். வடக்கு ஜன்னல்தான் நல்லது, நேர் வெயில் வராது என்பார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. சேலம் சுமார் 11.7 பாகை வடக்கில் இருப்பதால் மே, ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டத்தான் வேண்டும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய நாளில் அந்த வேலையும் மிச்சம்.

ஆனால் மேகம் நகர்ந்தால் நிறம் மாறும். காலையில் எடுத்த ஜோடியும் மாலையில் எடுத்த ஜோடியும் ஒரே கேட்லாக்கில் ஒட்டாது. மொத்த வியாபாரத்துக்கு எல்இடி பேனல்தான் வழி. பகல் வெளிச்சம் போன்ற வெள்ளைக்கு 5500 கெல்வின், நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 95-க்கு மேல் என்று பார்த்து வாங்கி, பொருளுக்கும் விளக்குக்கும் நடுவே பெரிய டிரேசிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள். விலை மலிவான எல்இடியில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். போன் கேமராவில் அளவுகளை நாமே மாற்றும் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

எதில் எடுத்தாலும் அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். 3000 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்று எரிந்தாலும் கொலுசின் ஒரு பக்கம் பித்தளையாகிவிடும்.

வெண்பட்டு விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. டிரேசிங் பேப்பர் வழியாக மேலிருந்து விழும் வெளிச்சத்தில் நெசவு தட்டையாகிவிடும். சாய்வாக வரும் ஜன்னல் வெளிச்சத்தில்தான் இழையும் ஜரிகையும் எழுந்து நிற்கும். வெள்ளைத் துணியைப் போன் சாம்பலாக்கும் என்பதால், திரையில் தொட்டு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு எடுங்கள்.