கூத்தப்பாக்கத்து ஞாயிறு ரிப்பேர்: இலவசம்தான், ஆனாலும் எனக்கு 2,900 ரூபாய் செலவானது

கடலூர் ஆல்பேட்டையில் இட்லி மாவு வியாபாரம் செய்கிறேன். ஒரு நாளைக்கு 15 கிலோ அரிசி, 4 கிலோ உளுந்து. 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்றுதான் எனக்குப் படியளக்கிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது காற்றுக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம். 2011இல் தானே புயல் அடித்தபோது ஓடெல்லாம் பறந்த வீடு இது. காற்று பரவாயில்லை, தப்பித்தோம் என்று மூச்சு விட்டோம். அப்புறம்தான் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல். நாணமேடு, உச்சிமேடு, குண்டுஉப்பலவாடி எல்லாம் மூழ்கின. எங்கள் தெருவில் முழங்கால் அளவுதான். ஆனால் டில்டிங் கிரைண்டருக்கு மோட்டார் அடியில் இருக்கும். முழங்கால் அளவே அதற்குத் தலைக்கு மேல்.

தண்ணீர் வடிந்த பிறகு மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள் (காயில்) சுற்றித் தரும் ஒரு வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். திறந்துகூடப் பார்க்கவில்லை. "காயில் போச்சு, புது மோட்டார் போட்டுக்கங்க, 7,000 ஆகும்" என்றார்கள். அன்றைக்கு என் கையில் 700 கூட இல்லை. மிக்ஸி, ஃபிரிட்ஜ், மெத்தை என்று ஒவ்வொன்றாக வாசலில் காய்ந்துகொண்டிருந்த நேரம்.

தெருவில் பூ விற்கும் அக்காதான் சொன்னார்: "கூத்தப்பாக்கத்துல ஞாயித்துக்கிழமை மூணு பெரியவங்க உக்காந்திருப்பாங்க. காசு வாங்க மாட்டாங்க. ஆனா திட்டுவாங்க." இரண்டுமே உண்மை.

ஒரு வீட்டின் கார் ஷெட். கார் கிடையாது. இரும்பு மேசை ஒன்று, வைஸ் ஒன்று, சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டிய ஸ்பேனர்கள், ஸ்பேனர் இல்லாத இடத்தில் அதன் உருவம் பெயிண்டால் வரைந்திருக்கும். எது திரும்பி வரவில்லை என்று பார்த்தவுடனே தெரியும். சிலேட்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது: ஞாயிறு 9 முதல் 1 வரை, 12 டோக்கன். நான் எட்டரைக்குப் போனேன், பதினொன்றாவது டோக்கன். வெள்ளம் வடிந்த வாரம் என்பதால் கூட்டம். பெண்கள் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. இதைச் சொன்ன பிறகு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், அதிலும் ஒன்று கால் உடைந்து அவர்களே ஒட்டினது.

என் மோட்டாரைக் கழற்றி, ரோட்டரை உருவி வைத்துவிட்டு, முதல் வேலையாக காயில் இருக்கும் பகுதியை ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் முக்கினார்கள். நான் கத்திவிட்டேன். "ஐயோ சார்! தண்ணியில மூழ்கினதாலதானே கொண்டாந்திருக்கேன்!"

மூவரில் மூத்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தண்ணி காஞ்சிடும்மா, சேறு காயாது. சேறும் உப்பும் உள்ள உக்காந்தா ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும்" என்றார். மூன்று முறை தண்ணீர் மாற்றினார்கள். மூன்றாவது பக்கெட்டில்தான் தண்ணீர் தெளிந்தது. வெயிலில் வைத்து வடியவிட்டு, ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் இரண்டு 100 வாட் குண்டு பல்பு எரியவிட்டு அதற்குள் வைத்தார்கள். கோழிக்குஞ்சு பொரிக்கிற மாதிரி. "அடுத்த ஞாயிறு வா."

அடுத்த ஞாயிறு, காயிலிலிருந்து கரண்ட் வெளியே கசியுமா என்று பார்க்க மெக்கர் என்று ஒரு பெட்டியை எடுத்தார். பக்கத்தில் கைப்பிடி இருக்கும், சுற்றினால் 500 வோல்ட் வரும். ஒரு வயர் காயிலில், இன்னொன்று மோட்டார் உடம்பில். என்னையே சுற்றச் சொன்னார். ஊசி அரை மெகா ஓம் கிட்ட வந்து நின்றது. "ஒண்ணுக்குக் கீழ இருந்தா கரண்ட் பக்கமே போகக்கூடாது. எங்க கணக்கு அஞ்சு." மறுபடி பெட்டிக்குள். மூன்றாவது ஞாயிறு சுற்றினேன். ஊசி அஞ்சைத் தாண்டி இருபது வரை போனது. மாவு பொங்கி வருவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு. அந்தப் பெட்டியை விட்டுக் கை எடுக்க மனசில்லை.

காயில் போகவில்லை. போனது கெப்பாசிட்டரும் இரண்டு பேரிங்கும் மட்டும். பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றிக் காட்டினார், உள்ளே மணல் நறநறவென்றது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் விலகிக்கொள்கிற சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்குமாம், அதன் முனை பச்சை பிடித்திருந்தது, உப்புத்தாளில் தேய்த்தார்கள். வார்னிஷ் பூசினார்கள். கெப்பாசிட்டர் 180, பேரிங் 360, பெல்ட் 140. மொத்தம் 680 ரூபாய், சாமானுக்கு மட்டும், பில்லோடு.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் ஆனது. தினப்படி வியாபாரம் செய்கிறவளுக்கு மூன்று வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு கிரைண்டரை வாடகைக்கு எடுத்து பாதி மாவுதான் ஆட்டினேன். நான்கு வாடிக்கைக்காரர்கள் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டார்கள், அதில் இரண்டு பேர் திரும்பவே இல்லை. அவசரக்காரர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

சரி, மிச்சம் 2,220 ரூபாய் எப்படி வந்தது? மோட்டாரைத் தயார் செய்துவிட்டுத் தர மாட்டேன் என்றார்கள். "வீட்டு எர்த்தைப் பாக்காம குடுக்க மாட்டோம்." மறுநாள் மூத்தவர் சைக்கிளில் வந்தார். டெஸ்ட் லேம்ப்பை பிளக்கின் ஓட்டைகளில் வைத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எரியவில்லை. "மூணாவது ஓட்டை சும்மா அலங்காரத்துக்கு இருக்கு. ஈரக்கை, ஈரத்தரை, ஸ்டீல் டிரம். இத்தனை வருஷம் எந்தச் சாமி காப்பாத்துச்சு உன்னை?" என்றார்.

என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொல்லையில் எர்த்துக்குக் குழி தோண்டினார். கம்பி, வயர், கரி, உப்பு எல்லாம் சேர்த்து 770. கசிவு வந்தால் தானாக அணைகிற 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் 1,450. இலவச ரிப்பேருக்குப் போய் இவ்வளவு செலவா என்று அன்று இரவு வீட்டில் சண்டையே நடந்தது. போன ஐப்பசி மழையில் ஒருநாள் விடிகாலை அந்த பிரேக்கர் படாரென்று விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. எரிச்சலோடு தேடினால் கிரைண்டர் வயரை எலி கடித்து, செம்பு வெளியே தெரிந்து, கிரைண்டர் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அப்போது வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அதற்கப்புறம் அந்த 2,220ஐப் பற்றிப் பேசுவதில்லை.

இவர்கள் யார் என்று எனக்கு இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. மூவரில் இரண்டு பேர் ஆவடியில் போர் வண்டி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த இடம். மூன்றாமவர் மூத்தவரின் மச்சான், மின்வாரியத்தில் இருந்தவர். "ஓ, டேங்க் ஃபேக்டரியா?" என்று கேட்டுவிட்டேன். தப்பு. மூத்தவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். தொழிற்சாலை வேறு, 1961இல் வந்தது, அங்கே செய்வார்கள். நாங்கள் இருந்தது அதற்கு வரைந்து, சோதித்து, உடைத்துப் பார்க்கிற இடம் என்று பத்து நிமிஷம் வகுப்பெடுத்தார். என் பின்னால் பன்னிரண்டாவது டோக்கன்காரர் பெருமூச்சு விட்டார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும் "வேலை செஞ்சேன்" என்பதோடு சரி. 2021 பிப்ரவரியில் சென்னையில் அர்ஜுன் மார்க் 1ஏவைப் பிரதமர் ராணுவத்திடம் கொடுத்ததை டிவியில் பார்த்தாராம். 68 டன் வண்டி. "அதுல உங்களுது எதுனா இருக்கா?" என்று கேட்டேன். "போல்ட் இருக்கும்" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் ஆவடி குவார்ட்டர்ஸிலேயே ஆரம்பித்தது. வேலையில் இருந்த காலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து, அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓடாத ஃபேனைச் சரி செய்வது, ஆடுகிற பெஞ்சுக்குக் கால் போடுவது என்று போவார்களாம். ஆபீஸ் சொல்லிச் செய்ததில்லை, சொந்த நேரம், சொந்தச் சாமான். "ஆபீஸ் ஸ்பேனர் ஒண்ணுகூட கேட்டைத் தாண்டி வந்ததில்ல" என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். சம்பளத்தன்று ஆளுக்கு 50 ரூபாய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார்கள். இப்போதும் அதே பழக்கம், பென்ஷன் வரும் நாளில். அந்தக் காசில்தான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களிடம் சொல்லி கெப்பாசிட்டர், ஃபியூஸ் எல்லாம் மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். சாமான் காசுகூடக் கொடுக்க முடியாதவர்களுக்கு அந்த பாட்டிலிலிருந்து போகும். நோட்டில் பெயர் எழுதமாட்டார்கள், டோக்கன் நம்பர் மட்டும்.

எனக்கு வழி சொன்ன பூக்கார அக்காவுக்கு இடது காலில் இளம்பிள்ளை வாதம். இடுப்புக்குக் கீழிருந்து பாதம் வரை இரும்பும் தோலுமாக ஒரு காலிப்பர் மாட்டியிருப்பார். முட்டியிடம் ஒரு வளையம் உண்டு. எழுந்து நின்றால் அது கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும், உட்காரும்போது கையால் மேலே தூக்க வேண்டும். வளையம் தேய்ந்து, நடக்கும்போதே மேலே ஏறி, முட்டி மடங்கி, இரண்டு தடவை பூக்கூடையோடு விழுந்திருக்கிறார். போலியோ இல்லாத நாடு என்று 2014இல் நமக்குச் சான்று கொடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் வந்தவர்கள் இன்னும் நடந்துகொண்டுதானே இருக்கிறார்கள்? இந்த மாதிரி காலிப்பரைப் பழுது பார்க்க ஊரில் அக்காவுக்கு ஆள் கிடைக்கவில்லை. பாண்டிக்கோ சென்னைக்கோ போனால் ஒருநாள் பிழைப்பு போகும்.

ஆவடிக்காரர்களில் இளையவர் ஃபிட்டர். ஒரு துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைஸில் பிடித்து அரத்தால் ராவத் தொடங்கினார். நான் மோட்டாருக்குக் காத்திருந்த இரண்டு ஞாயிறும் அதைத்தான் ராவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் ராவுவார், உள்பக்கம் ஊதா மை தடவுவார், கம்பியில் மாட்டிப் பார்ப்பார், கழற்றி மை எங்கே அழிந்திருக்கிறது என்று கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்ப்பார். அழிந்த இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி மை. கடைசியில் வளையம் டக்கென்று ஒரு சத்தத்தோடு இறங்கி நின்றது. ஆடவில்லை. "நடந்து காட்டு தாயி" என்றார். அக்கா ஷெட்டுக்குள் நாலு தடவை நடந்துவிட்டு, தெருவுக்குப் போய் ஒரு தடவை நடந்துவிட்டு வந்தார்.

அன்றைக்குத்தான் மூத்தவர் அப்துல் கலாம் கதையைச் சொன்னார். ஹைதராபாதில் கலாமின் ஆய்வுக்கூடத்துக்கு நிஜாம் மருத்துவமனையிலிருந்து எலும்பு டாக்டர் ஒருவர் வந்தாராம். அக்னி ஏவுகணைக்குச் செய்த கலப்புப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, இவ்வளவு லேசா என்று ஆச்சரியப்பட்டு, தன் வார்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே மூன்று கிலோவுக்கு மேல் இரும்பைக் காலில் கட்டிக்கொண்டு குழந்தைகள் இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்றே வாரத்தில் அதை 300 கிராமாக ஆக்கிக் கொடுத்தார்கள். கலாம் ஐயாவே பல மேடையில் சொன்னதுதான். "நாங்க அதெல்லாம் செய்யல, நாங்க மோட்டார்தான்" என்று முடித்துக்கொண்டார். கொரோனா நேரத்தில் ஆஸ்பத்திரிகளில் வைத்த ஆக்சிஜன் பிளாண்ட் போர் விமானத்தில் பைலட் மூச்சு விடுவதற்குச் செய்த கருவியிலிருந்து வந்தது, நிமிஷத்துக்கு 1,000 லிட்டர் என்று அடுத்ததை ஆரம்பித்தபோது, மச்சான், "மாமா, டோக்கன் ஏழு" என்று குரல் கொடுத்தார். நல்லவேளை.

பேச்சு கொஞ்சம் அதிகம். அதையும் ஒரு குறையாகவே எழுதுகிறேன். ஒரு மிக்ஸிக்கு ஃபியூஸ் போட வந்த பையனை அரைமணி நேரம் நிற்கவைத்து, ஃபியூஸ் ஏன் போகிறது என்று சொல்லவைத்துத்தான் அனுப்பினார்கள். மொபைல், டிவி, இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ் போர்டு எதுவும் தொடமாட்டார்கள். மழை நாளில் கிடையாது. மாசத்தின் முதல் ஞாயிறும் கிடையாது, மூத்தவர் பேரனைப் பார்க்கத் தாம்பரம் போய்விடுவார். இப்போது அவருக்குக் கை நடுக்கம் வேறு, சின்ன ஸ்க்ரூ எல்லாம் ஃபிட்டர்தான் பார்க்கிறார். அதனால் டோக்கன் எட்டாகக் குறைந்துவிட்டது.

காசு வாங்கமாட்டார்கள் என்று ஒரு கிலோ மாவு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது பையில் 50 ரூபாய் இருந்தது. நான் கிலோ 45க்குத்தான் விற்கிறேன் என்று திரும்பப் போய் 5 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்கே போய்விடுங்கள். தண்ணீரில் நனைந்த எதையும் பிளக்கில் சொருகிப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், கேட்டால் பொய் சொல்லாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். கூட ஒரு கைத்துணி எடுத்துப் போங்கள், விளக்கு பிடிக்கச் சொல்வார்கள். ஐந்துக்கு நாலு போடுகிறேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் அந்த மூன்று வாரம் மட்டும் இல்லை. என் வாட்டர் ஹீட்டர் ராடும்தான். பக்கெட்டில் போடுகிற அதுக்கு ஒரு வயர் மாற்றித் தாருங்கள் என்று கொடுத்தேன். மூத்தவர் திருப்பிப் பார்த்தார், மெக்கரை வைத்தார், ஒன்றும் சொல்லாமல் கட்டிங் பிளேயரை எடுத்து வயரை இரண்டாக வெட்டிவிட்டார். "இது செத்துப்போச்சும்மா, யாரும் எடுத்து மாட்டிடக்கூடாது." இப்போது அது ஷெட் சுவரில் 'தொடாதே' என்று எழுதிய வரிசையில் தொங்குகிறது, கீழே சாக்பீஸால் 'ஆல்பேட்டை மாவு' என்று எழுதி. ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் உட்காருகிறேன்.